லெவல் 12க்கும் லெவல் 60க்கும் சண்டையா? ஆன்லைன் கேம்களில் நியாயமான எல்லை போடுவது எப்படி?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் நண்பர் ஒருவர் சென்ற கோடை விடுமுறையில் மகனுக்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். பள்ளி நண்பர்கள் சொன்னார்கள் என்று ஓர் ஆன்லைன் கேமை டவுன்லோட் செய்து ஆடத் தொடங்கினான். இரண்டு வாரம் கழித்து நண்பர் எனக்கு போன் செய்தார். "பையன் என் கிரெடிட் கார்டைக் கேட்கிறான். ஏதோ லெவல் வாங்க வேண்டுமாம். நீங்கள் வந்து கொஞ்சம் பாருங்கள்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பையன் முகம் வாடி இருந்தது. "அங்கிள், நான் லெவல் 12. அவன் லெவல் 60. நான் எங்க போனாலும் வந்து ரெண்டே அடியில கொன்னுட்றான். திரும்ப எழுந்தா திரும்பவும் அடிக்கிறான். காசு கட்டுனா நானும் 60 ஆயிடலாம்" என்றான்.

பையன் கேட்டதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. பல ஆண்டுகளாக ஆடுபவரும் நேற்று சேர்ந்தவரும் ஒரே உலகத்தில் இருக்கும்போது, புதியவர் நசுங்கிப் போகாமல் இருக்க கேமில் என்ன ஏற்பாடு இருக்கிறது? அந்த ஏற்பாடுகளைத் தெரிந்து கொண்டால் கார்டை எடுக்க வேண்டிய தேவையே இருக்காது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லெவல் என்றால் என்ன?

ரோல் பிளேயிங் கேம் என்ற வகையில் நாம் ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுகிறோம். வீரன், மந்திரவாதி, வில்லாளி என்று எதுவாகவும் இருக்கலாம். பூதங்களை வெல்வது, கொடுத்த வேலைகளை முடிப்பது ஆகியவற்றுக்கு அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். குறிப்பிட்ட அளவு புள்ளிகள் சேர்ந்ததும் லெவல் ஒன்று கூடும். லெவல் கூடினால் உயிர்ப் புள்ளிகள் கூடும், அடியின் பலம் கூடும், நல்ல ஆயுதங்களைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கேம்களில் லெவல் ஏறும், ஆனால் இறங்காது. எவ்வளவு மோசமாக ஆடினாலும், நேரம் செலவழித்தால் லெவல் வந்துவிடும். அதாவது லெவல் என்பது பெரும்பாலும் எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்பதற்கான கணக்கு. எவ்வளவு நன்றாக ஆடுகிறீர்கள் என்பதற்கான கணக்கு அல்ல. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்கு மீண்டும் வருவோம்.

வித்தியாசமா, விகிதமா?

"இரண்டு பேருக்கும் 5 லெவல்தான் வித்தியாசம், சண்டை போடட்டும்" என்று ஒரு விதி வைத்தால் நியாயமாகத் தோன்றும். உண்மையில் நியாயம்தானா? ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால்குலேட்டரை எடுத்துக் கொள்ளுங்கள்.

நம் வசதிக்காக ஒரு கற்பனை கேமை எடுத்துக் கொள்வோம். அதில் ஒருவரின் உயிர்ப் புள்ளி 100. ஒவ்வொரு லெவலுக்கும் 20 கூடும். ஓர் அடியின் பலம் 10. ஒவ்வொரு லெவலுக்கும் 2 கூடும்.

லெவல் 10 உள்ளவருக்கு உயிர் 300, அடி 30. லெவல் 15 உள்ளவருக்கு உயிர் 400, அடி 40. சிறியவர் பெரியவரை வீழ்த்த 14 முறை அடிக்க வேண்டும். பெரியவருக்கு 8 அடி போதும்.

இப்போது அதே 5 லெவல் வித்தியாசத்தை மேலே வைத்துப் பாருங்கள். லெவல் 50க்கு உயிர் 1100, அடி 110. லெவல் 55க்கு உயிர் 1200, அடி 120. சிறியவருக்கு 11 அடி தேவை, பெரியவருக்கு 10 அடி தேவை. கிட்டத்தட்ட சமமான சண்டை!

கீழே போனால் நிலைமை மோசம். லெவல் 1ம் லெவல் 6ம் மோதினால் ஒருவருக்கு 19 அடி, மற்றவருக்கு 6 அடி.

ஆக, வித்தியாசம் மூன்று இடத்திலும் ஒன்றுதான். விளைவோ மூன்று விதம். இந்த மாதிரி கேமில் எத்தனை லெவல் கூட என்று பார்ப்பதைவிட எத்தனை மடங்கு என்று பார்ப்பதே சரி. லெவல் 10க்கு 15 என்பது ஒன்றரை மடங்கு. லெவல் 50க்கு ஒன்றரை மடங்கு 75. அந்த இருவரும் மோதினால் 15 அடிக்கு 7 அடி. 10க்கும் 15க்கும் வந்த கணக்குக்கு இது பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்.

எல்லா கேமுக்கும் இதே விதியா என்றால், இல்லை. சில கேம்களில் ஒவ்வொரு லெவலுக்கும் பலம் 10 சதவீதம், 15 சதவீதம் என்று வட்டிக்கு வட்டி போல் பெருகும். அங்கே மேலே போனாலும் 5 லெவல் வித்தியாசம் அதே அளவு வலிக்கும். அப்படிப்பட்ட கேமுக்கு வித்தியாசக் கணக்குதான் பொருந்தும். உங்கள் கேம் எந்த வகை என்று அறிய, லெவல் ஏறும் போதெல்லாம் உயிர்ப் புள்ளி எவ்வளவு கூடுகிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒரே அளவாகக் கூடினால் முதல் வகை. கூடும் அளவே பெருகிக் கொண்டு போனால் இரண்டாம் வகை.

முதல் வழி: பெட்டி பெட்டியாகப் பிரிப்பது

நம் ஊர்ப் பக்கம் கபடிப் போட்டி நோட்டீஸ்களில் எடைப் பிரிவு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 55 கிலோ பிரிவில் 70 கிலோ ஆள் இறங்க முடியாது. கேம்களிலும் இதே முறைதான் மிகவும் பழக்கமானது.

2004ம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில், 2005ல் பேட்டில்கிரவுண்ட் என்ற தனிப் போர்க்களங்கள் சேர்க்கப்பட்டன. அந்தத் தொடக்க ஆண்டுகளில் வார்சாங் கல்ச் என்ற களத்தில் 10–19, 20–29 என்று தொடங்கி 50–59 வரை பெட்டிகள் இருந்தன. அன்றைய உச்ச லெவலான 60க்கு மட்டும் தனிப் பெட்டி. உச்சத்தில் இருப்பவர்கள் அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கி மிகச் சிறந்த ஆயுதங்களைச் சேர்த்து விடுவார்கள். அவர்களை 51, 52 லெவல்காரர்களுடன் சேர்த்து விட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

நம் கற்பனை கேமின் கணக்கில் இந்தப் பெட்டிகளை வைத்துப் பார்த்தால் ஒரு குறை தெரியும். லெவல் 10ம் லெவல் 19ம் ஒரே பெட்டி. மோதினால் 16 அடிக்கு 7 அடி. லெவல் 50ம் 59ம் ஒரே பெட்டி. மோதினால் 12 அடிக்கு 9 அடி. பெட்டியின் அகலம் ஒன்றுதான் என்றாலும், கீழே உள்ள பெட்டியில் புதியவருக்கு அநியாயம் அதிகம்.

ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமல் பெட்டி பிரித்தால் எப்படி வரும்? 10–15, 16–24, 25–37, 38–57 என்று வரும். கீழே குறுகல், மேலே அகலம். பெட்டிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. நீங்களோ உங்கள் பிள்ளையோ நண்பர்களுக்காக ஒரு சிறிய சர்வர் நடத்த நினைத்தால், பத்துப் பத்தாகப் பிரிக்காமல் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

பெட்டி முறையில் ஓர் ஓட்டையும் உண்டு. 19ம் லெவலில் வேண்டுமென்றே நின்று கொள்வது! வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டக்காரர்கள் இவர்களை ட்விங்க் என்று அழைத்தார்கள். அதே ஆளுக்கு இன்னொரு பெரிய பாத்திரம் இருக்கும். அது சம்பாதித்த பணத்தில் 19ம் லெவலுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த ஆயுதங்களை வாங்கிச் சின்னப் பாத்திரத்துக்கு மாட்டி விடுவார். பெயர் 19, பலமோ வேறு. 11, 12 லெவலில் வரும் புதியவர்கள் இவர்களிடம் அடிபட்டுக் கொண்டே இருந்தார்கள்.

2009 ஆகஸ்டில் இதற்கு ஒரு தீர்வு கொண்டு வந்தார்கள். போர்க்களத்தில் ஆடினாலும் அனுபவப் புள்ளி வரும் என்று மாற்றினார்கள். எனவே ஆட ஆட லெவல் தானாக ஏறி அடுத்த பெட்டிக்குப் போய்விடும். "எனக்கு ஏற வேண்டாம்" என்பவர்கள் அதை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அப்படி நிறுத்தியவர்கள் தங்களைப் போல் நிறுத்தியவர்களுடன் மட்டும்தான் மோத முடியும். தடை போடாமல், தண்டனை கொடுக்காமல், ஒரே மாற்றத்தில் சரி செய்த நல்ல யோசனை இது.

இரண்டாம் வழி: இடத்துக்கு ஏற்ற எல்லை

புதுச்சேரி கடற்கரைச் சாலையை நினைத்துப் பாருங்கள். மாலை நேரம் வந்தால் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தி விடுகிறார்கள். குழந்தைகளும் முதியவர்களும் பயமில்லாமல் நடக்கிறார்கள். சற்றுத் தள்ளி உள்ள தெருக்களில் வண்டிகள் வழக்கம் போல் ஓடுகின்றன. எந்த இடத்தில் நடக்கிறோம் என்பதைப் பொறுத்து நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது மாறுகிறது.

2001ல் தொடங்கிய பிரிட்டிஷ் கேமான ரூன்ஸ்கேப் இதே மாதிரி ஒரு விதியைக் கொண்டு வந்தது. அதில் ஊர்ப் பகுதியில் ஒருவரை ஒருவர் தாக்க முடியாது. வடக்கே வில்டர்னஸ் என்று ஒரு பாழ்நிலம் உண்டு. அங்கே தாக்கலாம். ஆனால் யாரை யார் தாக்கலாம் என்பது எவ்வளவு உள்ளே போயிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாழ்நிலத்துக்கும் லெவல் எண் உண்டு. வடக்கே போகப் போக அந்த எண் கூடும்.

நீங்கள் போர் லெவல் 40 என்று வைத்துக் கொள்வோம். பாழ்நிலத்தின் 5ம் லெவலில் நின்றால் 35 முதல் 45 வரை உள்ளவர்களே உங்களைத் தாக்க முடியும். 20ம் லெவல் வரை உள்ளே போனால் 20 முதல் 60 வரை யாரும் தாக்கலாம். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பதிப்பில் இந்த விதி இன்றும் இருக்கிறது. திரையிலேயே நீங்கள் எத்தனையாவது லெவல் பாழ்நிலத்தில் நிற்கிறீர்கள் என்று எண் தெரியும்.

இதில் உள்ள அழகு என்னவென்றால், எல்லையை முடிவு செய்வது நீங்களே. நல்ல பொருள்கள் உள்ளே இருக்கின்றன. ஆசை இருந்தால் உள்ளே போகலாம். பயமாக இருந்தால் ஓரத்தில் நிற்கலாம். யாரும் உங்களை இழுத்துப் போகவில்லை.

இங்கும் ஓட்டை உண்டு. ரூன்ஸ்கேப்பில் போர் லெவல் என்பது தாக்குதல், பலம், தற்காப்பு போன்ற பல திறன்களைச் சேர்த்துப் போடும் கணக்கு. சிலர் தற்காப்பை 1லேயே வைத்துக் கொண்டு பலத்தை மட்டும் உயர்த்துவார்கள். மொத்தக் கணக்கில் லெவல் குறைவாகத் தெரியும். அடியோ இடி மாதிரி விழும். இப்படிப்பட்ட பாத்திரத்தை அங்கே ப்யூர் என்கிறார்கள். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மூன்றாம் வழி: ஆளையே ஏற்றுவது, இறக்குவது

அப்பாவுக்கு லெவல் 40, மகளுக்கு லெவல் 8. இருவரும் சேர்ந்து ஆட வேண்டும். என்ன செய்வது? 2004ல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ் கேம் இதற்கு ஒரு வழி கண்டது. சைட்கிக் என்ற முறையில் சிறியவரைப் பெரியவருக்கு ஒரு லெவல் கீழே வரை தற்காலிகமாக ஏற்றி விட்டார்கள். எக்ஸெம்ப்ளர் என்ற முறையில் பெரியவரைச் சிறியவரின் அளவுக்கு இறக்கினார்கள். அந்த நிறுவனம் அந்த கேமை 2012ல் மூடிவிட்டது. யோசனை மட்டும் மற்ற கேம்களில் உயிரோடு இருக்கிறது.

2012ல் வந்த கில்ட் வார்ஸ் 2 கேமில் பெரிய ஆட்டக்காரர் ஆரம்பப் பகுதிக்குப் போனால், அவர் பலம் அந்தப் பகுதிக்கு ஏற்றபடி தானாகக் குறையும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016 அக்டோபரில் உலகம் முழுவதையும் ஒரே அளவுக்குச் சமப்படுத்தியது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டும் 2018 ஜனவரியில் தன் பழைய பகுதிகளை ஆட்டக்காரரின் லெவலுக்கு ஏற்ப மாறும்படி செய்தது.

இது நல்ல முறைதான். ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது. எங்கே போனாலும் எல்லாமே நம் அளவுக்கு மாறிவிட்டால், லெவல் ஏறியதால் என்ன லாபம் என்ற சலிப்பு வந்துவிடும். முன்பு நம்மை விரட்டிய ஓநாயைத் திரும்பப் போய் ஒரே அடியில் வீழ்த்துவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது அல்லவா? அது போய்விடும். அதனால்தான் பல கேம்கள் முழுவதும் சமமாக்காமல், பெரியவருக்குக் கொஞ்சம் கூடுதல் பலத்தை விட்டு வைக்கின்றன.

கூட்டாளிகளுக்கும் எல்லை தேவை

எதிரிகளுக்கு மட்டும்தான் லெவல் எல்லை என்று நினைக்க வேண்டாம். சேர்ந்து ஆடுபவர்களுக்கும் எல்லை உண்டு. காரணம், பெரியவர் பூதத்தை அடித்துக் கொல்ல, சிறியவர் பின்னால் நின்று சும்மா புள்ளி வாங்கும் வழக்கம்.

1999ல் வெளிவந்த எவர்க்வெஸ்ட் கேமில் ஒன்றரை மடங்கு விதி இருந்தது. குழுவின் உயர்ந்த லெவல்காரர் தாழ்ந்தவரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போனால், தாழ்ந்தவருக்கு அனுபவப் புள்ளி கிடைக்காது. நாம் மேலே போட்ட விகிதக் கணக்கை அவர்கள் அன்றே பயன்படுத்தி இருக்கிறார்கள்.

கொரியாவில் உருவான ரக்னராக் ஆன்லைன் கேமை நம்மில் சிலர் நெட் கஃபே காலத்தில் ஆடியிருப்போம். சில ஆண்டுகள் இந்தியாவுக்கென்றே தனி சர்வர் இருந்தது. அதில் புள்ளிகளைக் குழுவில் சமமாகப் பங்கிட்டுக் கொள்ள வேண்டுமானால், எல்லோரும் 10 லெவலுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இது வித்தியாசக் கணக்கு.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லெவல் 10 உள்ளவர் ரக்னராக்கில் லெவல் 20 உடன் பங்கிடலாம். எவர்க்வெஸ்ட்டில் 15 வரைதான். லெவல் 60 உள்ளவர் ரக்னராக்கில் 70 வரை. ஒன்றரை மடங்குக் கணக்கிலோ 90 வரை போகலாம். விதியை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து யாருக்குக் கதவு திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதே மாறிவிடுகிறது.

லெவல் வேறு, திறமை வேறு: சதுரங்கத்தின் பாடம்

முதலில் சொன்னதற்கு இப்போது திரும்புவோம். லெவல் நேரத்தின் கணக்கு. திறமையை அளக்க வேறு கணக்கு வேண்டும். அது நமக்குப் புதியதல்ல. சதுரங்கத்தில் அது இருக்கிறது.

அமெரிக்காவில் வாழ்ந்த ஹங்கேரியப் பேராசிரியர் அர்பாத் எலோ உருவாக்கிய ரேட்டிங் முறையை உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970ல் ஏற்றுக் கொண்டது. இதில் வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். பலமானவரை வென்றால் அதிகம் ஏறும். இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலமானவர் 100க்கு சுமார் 76 புள்ளி எடுப்பார் என்று கணக்கு. 400 வித்தியாசம் என்றால் 10க்கு 9. எனவே ரேட்டிங்கில் வித்தியாசத்தைப் பார்த்தாலே போதும். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் 200க்கு ஒரே பொருள்தான்.

இந்த முறையிலும் சிக்கல் வந்தது. 2020, 2021ல் கொரோனாவால் நேரடிப் போட்டிகள் நின்று போயின. பிள்ளைகள் வீட்டில் இருந்தபடி இன்டர்நெட்டில் ஆடிக் கற்றுக் கொண்டார்கள். திறமை ஏறியது, ரேட்டிங் பழையபடியே இருந்தது. போட்டிகள் மீண்டும் தொடங்கியபோது, குறைந்த ரேட்டிங் உள்ள பிள்ளைகளிடம் பெரியவர்கள் தோற்றுப் புள்ளிகளை இழந்தார்கள். 2024 மார்ச்சில் கூட்டமைப்பு 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒரே நாளில் உயர்த்தியது. 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதம் கூட்டப்பட்டது. 1500 இருந்தவருக்கு 500 குறைவு. அதில் 40 சதவீதம் 200. எனவே அவர் 1700 ஆனார்.

நம் ஊருக்குப் பக்கத்தில் மாமல்லபுரத்தில் 2022 ஜூலை, ஆகஸ்டில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவில் மட்டும் 188 அணிகள். அத்தனை அணிகளும் எல்லோருடனும் ஆட முடியாது. ஸ்விஸ் முறையில் 11 சுற்றுகள் ஆடினார்கள். முதல் சுற்றில் பலமான அணிக்கும் பலவீனமான அணிக்கும் மோதல் நடக்கும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு புள்ளி எடுத்தவர்கள் மோதுவார்கள். மூன்று நான்கு சுற்றுக்குள் அவரவர்க்குத் தகுந்த எதிரி கிடைத்து விடுவார்.

கேம்களும் இந்த வழியைப் பின்பற்றின. மைக்ரோசாப்ட் 2005ல் எக்ஸ்பாக்ஸ் 360 உடன் ட்ரூஸ்கில் என்ற முறையைக் கொண்டு வந்தது. ஒருவரின் திறமை எவ்வளவு என்பதோடு, அந்த மதிப்பீட்டில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதையும் அது சேர்த்து வைத்துக் கொள்ளும். புதியவருக்குச் சந்தேகம் அதிகம். எனவே அவர் எண் வேகமாக மாறும். ஆட ஆட நிலைத்து நிற்கும். இன்று பல கேம்களில் லெவல் ஒரு பக்கம் வெளியே தெரிய, திறமைக் கணக்கு உள்ளே மறைவாக ஓடிக் கொண்டிருக்கிறது.

ரொம்பவும் சுருக்கினால் ஆள் கிடைக்காது

"அப்படியானால் எல்லையை மிகவும் சின்னதாக வைத்து விடலாமே" என்று கேட்கலாம். இங்கேதான் உண்மையான சிக்கல். ஒரு சர்வரில் 300 பேர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். உச்ச லெவல் 60. பாதிப் பேர் அங்கே இருக்கிறார்கள். மீதி 150 பேர் 59 லெவல்களில் பரவி இருக்கிறார்கள். லெவலுக்கு இரண்டரை பேர்!

லெவல் 12 உள்ள நம் பையனுக்கு 10 முதல் 14 வரைதான் எதிரி என்றால் 12 அல்லது 13 பேர் தேறுவார்கள். அதில் பத்தில் ஒருவர்தான் அந்த நேரம் சண்டைக்குத் தயார் என்றால் ஒரே ஒரு ஆள். ஒன்றரை மடங்கு எல்லை வைத்தால் 8 முதல் 18 வரை சுமார் 28 பேர். அதில் மூன்று பேர் தயாராக இருக்கலாம். ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடும் களம் என்றால் அதுவும் போதாது.

எனவே நல்ல கேம்கள் நேரத்துக்குத் தகுந்தபடி எல்லையை விரிக்கின்றன. முதலில் குறுகலாகத் தேடும். ஆள் கிடைக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கும். "ஆள் தேடுகிறது" என்று திரையில் ஓடிக் கொண்டிருக்கும்போது நடப்பது இதுதான். பொறுமை இழந்து ரத்து செய்து மீண்டும் அழுத்தினால் தேடல் முதலில் இருந்து தொடங்கக் கூடும். ஒரு நிமிடம் காத்திருங்கள். கூட்டம் அதிகமுள்ள மாலை நேரத்தில் ஆடினால் சமமான எதிரி கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

காசு கொடுத்து லெவல் வாங்கலாமா?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2014ல் நேராக 90வது லெவலுக்கு ஏற்றி விடும் வசதியை 60 டாலருக்கு விற்கத் தொடங்கியது. இன்று பல கேம்களில் இந்த மாதிரி விற்பனை உண்டு. பையன் கேட்டதும் இதைத்தான்.

வாங்கினால் என்ன நடக்கும்? லெவல் 12ல் இருக்கும் வரை பெட்டி, எல்லை, ஆரம்பப் பகுதி ஆகிய எல்லா வேலிகளும் பையனைப் பாதுகாக்கின்றன. 60 ஆனதும் அந்த வேலிகள் எல்லாம் போய்விடும். பல ஆண்டுகள் ஆடிய, மிகச் சிறந்த ஆயுதம் வைத்திருக்கும் ஆட்கள் நடுவே போய் நிற்பான். எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்ற பழக்கமும் இருக்காது. முன்பு ஒருவனிடம் அடிபட்டவன் இப்போது எல்லோரிடமும் அடிபடுவான். அடுத்து ஆயுதம் வாங்கக் கார்டு கேட்பான். காசு கொடுத்து நாம் வாங்குவது பலம் என்று நினைக்கிறோம். உண்மையில் காசு கொடுத்து வேலியைத் தாண்டிக் குதிக்கிறோம்.

லெவல் எண் எவ்வளவு வெறுமையானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அதே கேமில் 2020ல் லெவல்களைச் சுருக்கினார்கள். 120ல் இருந்தவர்கள் 50 ஆனார்கள். யாருக்கும் மற்றவரோடு ஒப்பிடும்போது பலம் குறைந்துவிடவில்லை. எண் மட்டும்தான் மாறியது.

புதியவர்கள் கவனிக்க வேண்டியவை

1. சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானியுங்கள். யாரும் யாரையும் தாக்கலாம் என்ற சர்வரும், சம்மதித்தால் மட்டுமே சண்டை என்ற சர்வரும் தனித்தனியாக இருக்கும் கேம்கள் உண்டு. புதியவர்களுக்கு இரண்டாவதே நல்லது.

2. ஆப்ஷன்ஸ் அல்லது செட்டிங்ஸ் பகுதியில் பிளேயர் வெர்சஸ் பிளேயர் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல கேம்களில் அதை அணைத்து வைக்கலாம்.

3. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பல கேம்களில் எதிரியின் பெயர் அல்லது லெவல் எண் நிறம் மாறித் தெரியும். பச்சை என்றால் எளிது, மஞ்சள் சமம், சிவப்பு ஆபத்து. எண்ணுக்குப் பதில் மண்டை ஓடு தெரிந்தால் உங்களைவிடப் பல லெவல் மேல். திரும்பி நடந்து விடுங்கள்.

4. பெட்டி முறை உள்ள கேமில் நீங்கள் பெட்டியின் அடியில் இருக்கிறீர்களா, மேலே இருக்கிறீர்களா என்று பாருங்கள். லெவல் 20 ஆனவுடன் 20–29 களத்துக்கு ஓட வேண்டாம். 26, 27 ஆன பிறகு போனால் நீங்களே பலமானவர்.

5. லெவல் விற்பவர்கள், "உங்கள் பாஸ்வேர்டைக் கொடுங்கள், ஏற்றித் தருகிறேன்" என்பவர்கள் ஆகியோரை நம்ப வேண்டாம். கணக்கே கைவிட்டுப் போகும்.

6. பெற்றோர்கள் கார்டு எண்ணைக் கேமில் சேமித்து வைக்க வேண்டாம். பிள்ளை ஏன் கேட்கிறான் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அவன் அநியாயமாகத் தோற்பதாக நினைக்கிறான் என்பதே காரணமாக இருக்கும்.

லாஸ்பேட்டைப் பையன் விஷயத்துக்கு வருவோம். அவன் ஆடிய இடத்தைப் பார்த்தேன். யாரும் யாரையும் தாக்கலாம் என்ற பகுதிக்குத் தெரியாமல் வந்து அங்கேயே எழுந்து எழுந்து நின்று கொண்டிருந்தான். சண்டைக்குச் சம்மதம் என்ற ஆப்ஷனும் ஆன் ஆகி இருந்தது. அதை அணைத்து, ஆரம்பப் பகுதிக்குத் திரும்பச் சொன்னேன். பத்து நிமிட வேலை. கார்டு தேவைப்படவில்லை. பிறகு ஒரு தாளில் இந்த ஒன்றரை மடங்குக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். சென்ற வாரம் போனபோது அந்தத் தாள் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி இருந்தது. பையன் இப்போது லெவல் 31. "அங்கிள், 47க்கு மேல இருக்கறவன் வந்தா ஓடிடுவேன். 46ன்னா நின்னு பாப்பேன்" என்றான். 31ஐ ஒன்றரையால் பெருக்கினால் 46.5. கணக்கு சரியாகவே இருந்தது.